கைராசிக்காரர்

"உங்க மருமக உங்க செடியை எல்லாம் பிடுங்கிட்டிருந்தா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

காலை நடை முடிந்து வந்த பெரியவரை வாசலிலேயே மறித்துச் சொன்னாள் எதிர்வீட்டம்மா. இந்த மாதிரி சேதியை அவள் ஆறவிடுவதில்லை.

பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட் ஓரத்துப் பாத்திக்கு ஓடினார். எண்ணிப் பார்த்தார். இருபது செடியும் இருந்தன. ஆனால் பத்துச் செடியைச் சுற்றி மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது.

அது லேசுப்பட்ட செடி இல்லை. அபூர்வமான காட்டு ஸ்ட்ராபெரி. பழம் கோலிக்குண்டு அளவுதான், வாசனை தெருமுனை வரை வருமாம். 'வருமாம்' என்றுதான் சொல்ல முடியும். மூன்று வருடமாக யாரும் பழத்தைப் பார்த்ததில்லை. நர்சரியில் ஒரே ஒரு செடிதான் வாங்கினார். அது கொடி விட்டு இருபதாகப் பெருகியது. வருடா வருடம் வெள்ளை வெளேரென்று பூக்கும். ஒரு பிஞ்சுகூட நிற்காது.

செடியைக் கொடுக்கும்போதே நர்சரிக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்ப்பா நான். எனக்கே வழி சொல்றியா?" என்று இவர்தான் அவர் வாயை அடைத்தார்.

இந்த வருடம் கடைசிக் கெடு. பழம் வராவிட்டால் பாத்தியை எடுத்துவிட்டு மருமகளின் காருக்கு இடம் விடுவதாகப் பேச்சு. அவள் இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, மழையில் ஆபீஸ் பையோடு நடந்து வருகிறாள்.

"பாத்தியில என்னம்மா பண்ணினே?"

"களை எடுத்தேன் மாமா."

"களை எடுக்கறவ வேரை ஏன் ஆட்டறே?"

அவள் டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்தாள்.

"பார்த்தியாடா?" என்றார் மகனிடம். "வேரை அசைச்சு விட்டா செடி தானா வாடிடும். அப்புறம் கார் ஜம்முனு வந்து நிக்கும். என்ன மூளை."

மகன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அன்றோடு காலை நடை ரத்து. பாத்திக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். மருமகள் குப்பை கொட்டப் போனால்கூடத் தொண்டையைக் கனைப்பார்.

ஒன்றரை மாதத்தில் பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு நின்றது. பிஞ்சு பழுத்துச் சிவந்தது. வாசனை தெருமுனை வரை போகவில்லை, எதிர்வீடு வரை போனது. அவருக்கு அது போதும்.

பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. கிண்ணமும் கையுமாக வீடு வீடாகப் போனார். "எல்லாம் கைராசிம்மா. மருமக வேரை ஆட்டியும் செடி அசரலை பாருங்க."

மருமகளுக்குக் கடைசியாக ஒரே ஒரு பழம் கிடைத்தது.

"இந்தா, நீ ஆட்டிவிட்ட செடியில காய்ச்சது."

"நல்லா இருக்கு மாமா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் களை எடுக்கும்போது மண்ணுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எந்தெந்தச் செடியில் பழம் வந்தது என்று எண்ணினார். சரியாகப் பத்து. கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் வெளியே வந்து திகைத்து நின்றாள். பாத்தியைக் காணோம். சில செடிகள் மட்டும் சுவரோரமாக ஒற்றை வரிசையில் நின்றன. பெரியவர் கேட் பக்கம் மண்ணைக் கெட்டித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது? பழம்தான் வந்துடுச்சே."

"உன் காரைக் கொண்டு வாம்மா. உரசாம நிறுத்தித் தரேன்."

"செடியெல்லாம்?"

சட்டைப்பையிலிருந்து மண் ஒட்டிய நர்சரி அட்டையை எடுத்து நீட்டினார்.

"'பெண் செடி. பக்கத்தில் ஆண் செடி இருந்தால்தான் காய்க்கும்'னு போட்டிருக்கு. நான் வச்ச இருபதும் ஆணுன்னு மூணு வருஷமா எனக்குத் தெரியலை. நீ மாத்தி வச்ச பத்துக்குத் துணையா ஒண்ணு போதும், மீதி ஒன்பதைப் பிடுங்கிட்டேன். எதிர்வீட்டம்மாகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன், கைராசி யாரோடதுன்னு."