தொலைந்த தகிட

நம்பினால் நம்புங்கள், தவளை பாட, மரங்கொத்தி தாளம் போட, அந்தக் குளக்கரையில் ஒரே பாட்டு ஒன்பது நாள் ஓடும். ‘தகிட’ மூன்று, ‘தகதிமி’ நாலு என்று ஏழு தட்டு. கேட்க வருவது ஓர் ஆமை மட்டும்.

“ஏழுக்கு எங்களுக்கு இறக்கை தட்ட வரலையே, தவளையண்ணே!” என்றன அந்தப் பக்கமாக வந்த வாத்துகள்.

தவளை ‘தகிட’வை வெட்டியது. நாலே தட்டு, மூணே நிமிஷம். குளம் வாத்துகளால் நிரம்பி வழிந்தது.

ஆமை கழுத்தை நீட்டுவதற்குள் பாட்டு முடிந்தேவிட்டது.

“நம்ம ‘தகிட’ எங்கேப்பா?”

“அதுக்கு யாருமே தலையாட்டலையே, ஆமையண்ணே,” என்றது தவளை.

“நான் ஆட்ட ஆரம்பிச்சிருந்தேனே...”

ஆமை திரும்பி நடந்தது. வாத்துகள் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தின. மரங்கொத்தி நாலு தட்டுவதற்கு முன்னால், மரத்தில் படாமல், காற்றில் மூன்று முறை கொத்திக்கொண்டது.