ஏரிக்கு அனுப்பியவள்

மெல்பேர்ன் வீட்டுக் குசினியில் நவம்பர் வெயில் மங்குகிறது. சோறு பொங்கி வழிகிறது. தவமலர் அடுப்பைத் தணிக்கவில்லை. வாசலில் தம்பி விக்னராஜா தொப்பியைக் கையில் சுருட்டியபடி நிற்கிறான். "கனடாவில அத்தான்ர கப்பல் புயல்ல மூழ்கிப் போச்சாம், அக்கா. ஒருத்தரும் தப்பேல்லையாம்." "அவர் கடலுக்குப் போறேல்லையடா. ஏரியில இரும்புக்கல் ஏத்துற கப்பல்தானே," என்கிறாள், பிள்ளைக்குச் சொல்வதுபோல. தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். இனிக் கடலுக்குப் போவதில்லை என்று தாலியில் சத்தியம் வாங்கிக் கணவனை ஏரிக்கு அனுப்பியவளும் அவள்தான். சுவரில், கணவன் அனுப்பிய நாட்காட்டியில், அந்த ஏரி நீலமாகக் கிடக்கிறது. ஈரக் கையோடு கிட்டப் போகிறாள். தினமும் பார்த்த படத்தில் இன்றுதான் அக்கரையைத் தேடுகிறாள். தண்ணீரின்மேல் ஊர்ந்து ஊர்ந்து, விரல் கடைசியில் வானத்தில் முட்டுகிறது.