அறுபது மேசைவிரிப்புகள்

2006ஆம் ஆண்டு. ஒஸ்லோ ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் மரியரஞ்சனி தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். பின்னேர விருந்துக்கு அறுபது மேசைவிரிப்புகளை அயன் பண்ண வேண்டும். கூட வேலை செய்பவள் சுகயீன லீவு. பதில் ஆள் அனுப்புவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

பெனியனோடு ஒரு கிழவர், கையில் கசங்கிய சட்டையுடன் எட்டிப் பார்த்தார். "அயன் பண்ணலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இவ்வளவு பிந்தியே வாறது? முதல் உந்த விரிப்புகளை முடியுங்கோ" என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

கிழவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தபடி அயனை எடுத்தார். விரிப்புகள் மடிப்புக் குலையாமல் அடுக்கடுக்காய் உயர்ந்தன.

"எங்கை பழகினனீங்கள்?"

"சிறையில். ஏழு வருசம் சலவை வேலை."

மரியரஞ்சனி கைப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். "என்ன செய்தனீங்கள்?"

"எங்கள் ஜனாதிபதியைக் கள்ளன் என்று மேடையில் சொன்னேன்."

"அவ்வளவுதானோ? பாவம்! அந்தாள் இப்ப எங்கை?"

"அதே சிறையில்."

கதவு படாரென்று திறந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் நால்வரோடு மேலாளர் மூச்சிரைக்க நின்றார்.

"மாண்புமிகு ஜனாதிபதி அவர்களே! உங்களை ஹோட்டல் முழுக்கத் தேடுகிறோம்!"

மரியரஞ்சனி பதறி அவர் கையிலிருந்த அயனை வாங்கப் போனாள். கிழவர் நிமிரவேயில்லை.

"கொஞ்சம் பொறுங்கள். பதவிக்கு வந்து நாலு வருசத்தில் இன்றைக்குத்தான் ஒரு வேலையை உருப்படியாக முடிக்கப் போகிறேன். இன்னும் இரண்டே விரிப்பு!"