வாளிக் கச்சேரி

“சார், ஆள் வந்தாச்சு! கூரையையே அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிறார்!”

டிக்கெட் கவுன்ட்டர் பெண் ஓடி வந்து சொன்னதும் காப்பாட்சியர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

சினிமா, பாட்டு, காமிக்ஸ், வீடியோ கேம் என்று ஊரே கொண்டாடியதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் அருங்காட்சியகம் அது. கட்டடமும் லேசுப்பட்டதல்ல. கசக்கி எறிந்த காகிதம் மாதிரி இருக்கும். நேரான சுவர் ஒன்றுகூடக் கிடையாது. பார்க்க அழகுதான், மழை வந்தால்தான் குட்டு வெளிப்படும். கூரை போட்ட கம்பெனிக்குக் கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பாட்டுக் கூடத்தில் இன்றைக்கு நாலு வாளி.

இன்றைக்குப் பார்த்துத்தான் நகராட்சி ஆய்வாளரும் வருகிறார். ஒழுகல் அவர் கண்ணில் பட்டால் கட்டடத்துக்குப் பூட்டு. காப்பாட்சியரும் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

வந்தவர் வாளிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

“என்னங்க, ஒழுகுதா?”

“ஒழுகலா? நல்லா கேட்டீங்க!” காப்பாட்சியர் வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டார். “இது ‘வாளிக் கச்சேரி’ சார், எங்க புதுப் படைப்பு. மழைத் தண்ணியை நாங்களேதான் உள்ள விடறோம். கேளுங்க... டொக், டிங், டொக். என்னா தாளம்!”

“அப்ப மேல இருக்கிற ஓட்டை?”

“நாங்க அளவெடுத்துப் போட்டது.”

“எல்லா ஓட்டையுமா?”

“ஒண்ணு விடாம சார்!”

கவுன்ட்டர் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“பிரமாதம்!” வந்தவர் முகமெல்லாம் மலர்ந்தது. “இதையே ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தீங்கன்னா மேலிடத்துல காட்டிடுவேன்.”

தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் காப்பாட்சியர் கையெழுத்துப் போட்டு, கேட்காமலேயே முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வந்தவர் தாளை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

“ரொம்ப நன்றிங்க. இத்தனை கடிதம் போட்டிருக்கீங்களேன்னு ஆளும் ஏணியுமா கிளம்பி வந்தேன். ஓட்டையை நீங்களே போட்டுக்கிட்டா எங்க கூரைக் கம்பெனி என்ன பண்ணும், சொல்லுங்க?”

காப்பாட்சியர் வாய் திறப்பதற்குள் அவர் வெளியேறிவிட்டார். அதே வாசலில், குடையை மடக்கியபடி இன்னொருவர் எட்டிப் பார்த்தார்.

“நகராட்சியிலேருந்து வரேன். இங்க கூரை எங்கேயாவது ஒழுகுதா?”