மஞ்சள் எச்சரிக்கை

பொன்மலரைக் காட்டாறு கொண்டுபோன நாளிலிருந்து, வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் சேந்தன், வெயில் கொளுத்தினாலும் மஞ்சள் எச்சரிக்கையே கொடுத்துவந்தான். ஆற்றில் துணி வெளுக்கும் பேச்சியக்கா ஒருநாள் போன் செய்தாள்.

"தம்பி, உங்க மஞ்சள இங்க யாரும் நம்புறதில்ல. நெசமாவே வெள்ளம் வந்தாலும் ஒருத்தியும் கரையேற மாட்டா. அப்புறம் எங்களுக்கும் சேத்து அழுவீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். மலைமேல் மழைமானியில் ஒரு சொட்டும் இல்லை. ரேடாரிலும் மேகம் இல்லை. பொன்மலர் போனபின் முதன்முறையாக, 'பச்சை, ஆபத்தில்லை' என்று எழுதி அனுப்பினான். பிறகு இருப்புக்கொள்ளாமல் ஆற்றுக்கே போனான்.

"அடியே, மஞ்சத் தம்பி வந்திருக்காருடி!" முழங்கால் நீரில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

சேந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு, மலையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கினான்.