கை படக்கூடாத குமிழ்

மாதாந்திர வெப்பநிலைப் பதிவில் அந்த ஒரு நாள் மட்டும் ஒட்டாது. ஊரே குளிரில் நடுங்கும்போது, வானிலை நிலைய அலுவலரின் மனைவி இறந்த தேதியில் வெப்பமானி வருடா வருடம் நாற்பதைத் தொடும். கருவியை மாற்றிப் பார்த்தாயிற்று, மசியவில்லை.

அவள் இறந்த அன்று காலை, “உடம்பு கொதிக்குதுங்க. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்,” என்று அவரிடம் சொன்னாள்.

“கைக்கு என்ன தெரியும்? தெர்மாமீட்டர் வெச்சுப் பாரு,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாலையில் வந்துதான் தொட்டார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வெப்பமானியின் குமிழில் கை படக்கூடாது, பட்டால் உடம்புச் சூட்டில் பாதரசம் ஏறிவிடும் என்பது நிலையத்துச் சட்டம். இந்த வருடம் அதே தேதியில், பாதரசம் நாற்பதில் நிற்க, அவர் வெப்பமானிப் பெட்டியைத் திறந்து குமிழை விரல்களால் பொத்திக்கொண்டார்.

“வந்துட்டேன்,” என்றார்.

பாதரசம் இறங்கியது. கைச்சூட்டையும் தாண்டி இறங்கிக்கொண்டே போனது. விரலுக்கடியில் கண்ணாடி, அந்த மாலையில் அவர் தொட்ட நெற்றியைப் போலவே சில்லிட்டது.