பெரணியின் மடி

இந்த மழைக்காட்டில் விழுவது எதுவும் வீணாவதில்லை. மரத்தின் மேல் கூடுபோல் வளரும் பெரணி அனைத்தையும் மடியில் ஏந்திக்கொள்கிறது. நேற்று தொங்குபாலத்தில் நின்று கீழே இருந்த மாணவர்களிடம் இப்படி முழங்கி, முடிவில் பலமாகத் தும்மிய பேராசிரியர், இன்று கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி அந்தப் பாலத்துக்குக் கீழே, பெரணி வளர்ந்த மரத்தடியில் நிற்கிறார். மரமேறியின் பையை மூன்றாம் முறையாகக் கொட்டச் சொல்கிறார். கயிறு, அரிவாள், ஈரத் துண்டு. "என்ன காணோம்னு சொல்லுங்க சார்." "ஆராய்ச்சிக் கருவி. பாலத்துல என்கூட நின்னது நீ மட்டுந்தான். கிடைக்கலேன்னா உனக்கு வேலை இல்லே." "பெரணி எல்லாத்தையும் ஏந்திக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றபடி மரமேறி ஏறுகிறார். அகன்ற இலைகளின் நடுவே வெயில் தேங்கியிருக்கிறது. மட்கிய சருகுக்குள் கைவிட்டுத் துழாவுகிறார். "கெடச்சிருச்சு சார், உங்க கருவி!" கீழே நிற்கும் இருபது மாணவர்களுக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டுகிறார். மேல்வரிசைப் பல்செட்.